மேசையில் விட்டுப்போன நாவல்கள்

கிளை நூலகத்தில் இருபத்தொரு வருடமாக வேலை பார்க்கும் நூலகருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அலமாரி அக்கா'. எட்டாம் அலமாரி அவருக்குக் கண் மாதிரி. இளையோருக்கான நாவல்கள் நூற்றுப்பன்னிரண்டும் அதில்தான் இருந்தன. மாதக் கடைசிக்குள் அதைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. காரணம் ஒரே வரி: ஒரு வருடத்தில் இரவல் போனவை நான்கே நான்கு.

"எப்படிப் போகும்? எல்லாத்தையும் இங்கயே உக்காந்து தின்னுட்டுப் போறீங்களே!" என்று ஜன்னலோர மேசையைப் பார்த்துச் சத்தம் போட்டார் அக்கா.

பள்ளி விட்டு வந்த ஐந்து பெண்கள் அங்கே ஒரு நாவலைக் கைபேசிக்கு முன்னால் பிடித்து, அதன் கதையைப் பற்றிப் பேசி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்குக் கொண்டுபோனா அம்மா முதல்ல அட்டையைப் பாப்பாங்க, அப்புறம் என்னைப் பாப்பாங்க," என்றாள் கண்ணாடிக்காரி. "அட்டைல ஒரு பையன் நிக்கிறான்ல?"

"முதுகைத்தானேடி காட்டிட்டு நிக்கிறான்!"

"எங்க அம்மாவுக்கு முதுகே போதும்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அன்று மாலை தினசரிப் பதிவேட்டைப் புரட்டினார். 'இரவல் போனவை' என்ற பத்திக்குப் பக்கத்திலேயே 'உள்ளே படித்தவை' என்று இன்னொரு பத்தி அச்சாகியிருந்தது. இருபத்தொரு வருடமாக அதில் வெறும் கோடு கிழித்து வந்தவர் அவரேதான். மேசையில் கிடப்பவற்றை எண்ணாமலே அடுக்கிவிடுவார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது.

மறுநாளிலிருந்து எண்ணினார். பதினெட்டு வேலை நாட்களில் முந்நூற்று ஆறு.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பத்தியை விரலால் தடவினார். "இத்தனை வருஷமா இல்லாத கணக்கு இப்ப எப்படிம்மா முளைச்சுது?"

"எழுதாதது என் தப்பு சார். பிள்ளைங்க படிச்சது பொய்யில்ல."

பிள்ளைகள் இணையத்தில் போட்டிருந்த வீடியோக்களைக் காட்டினார். நாற்பத்தேழு. எல்லாவற்றிலும் அதே மேசை, நூலக முத்திரை, கீழே தேதி.

மூன்றாவது வீடியோவில் அதிகாரி நின்றுவிட்டார். "ரெண்டாம் பாகம் இந்த லைப்ரரில இல்ல மக்களே!" என்று கண்ணாடிக்காரி மேசையில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்மா வாங்கல?"

"ரெண்டு தடவை கேட்டேன் சார். தேவையில்லைன்னு நீங்கதான் எழுதுனீங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். அலமாரி இன்னும் ஒரு வருடம் இருக்கலாம், உள்ளே படித்தவையும் கணக்கில் சேரும் என்று எழுதினார்.

"மொத்தம் எத்தனை பாகம்?"

"மூணு சார்."

"மிச்ச ரெண்டுக்கும் எழுதிக் குடுங்க."

அவர் மனம் மாறுவதற்குள் அக்கா நின்றபடியே எழுதி, அங்கேயே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.