மாப்பிள்ளை அவிழ்த்த பட்டு முடிச்சுகள்

காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு வழியாக ஆரணி போகும் சாலையில், செய்யாறு தாண்டி ஏழெட்டு கிலோமீட்டரில் காட்டிலாகா குன்றுகள் தெரியும். அங்கே ஏறலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் ஏறியது எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை அமாவாசை மதியம். அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டோம். நெசவுக்காரனுக்கு மலை ஏறக் கிடைக்கும் ஒரே நாள் நிலா இல்லாத நாளாக இருப்பது என்ன கணக்கோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சும்மா ஊர் சுற்றப் போகவில்லை. தங்கை மல்லிகாவை ஆரணியில் ஒரு நெசவுக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊரறிந்த வழக்கம். மாப்பிள்ளை சண்முகமோ அனுப்ப மாட்டேன் என்று நின்றார். கல்யாணத்தில் அவருடைய தாய்மாமனை முதல் பந்திக்குக் கூப்பிட மறந்துவிட்டோமாம், அதுதான் காரணம் என்றார்கள். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை, என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அழுது அழுது ஓய்ந்திருந்தாள்.

அன்று உறவுக்காரர் வீட்டுத் திதிக்காக அவர் காஞ்சிக்கு வந்திருந்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மடக்கினேன். மலைமேல் குகையில் ஒரு லிங்கம் இருக்கிறது, ஆரணி போகும் வழிதானே, பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் போகலாம் என்றேன். சாமி பெயரைச் சொன்னதால் தலையை மட்டும் ஆட்டினார். தங்கையை அனுப்பச் சம்மதம் வாங்க எனக்கு இந்த ஒரு மத்தியானம்தான் இருந்தது.

இரண்டரை மணிக்கு இறங்கினோம். கண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க இன்னாபா இருக்குது? ஆரணிக்குக் கடைசி வண்டி ஏழு மணிக்கு. அத்த வுட்டா இங்கியே படுக்கணும்" என்று சொல்லி விசில் கொடுத்தார்.

சாலையிலிருந்து அடிவாரம் இரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து சுனை வரை மாடுகள் போட்ட தடம் இருக்கிறது. அதற்குமேல் தடம் என்று எதுவும் கிடையாது. சூரை முள்ளும் உண்ணிச் செடியும் ஆள் உயரத்துக்கு நிற்கும். பகலெல்லாம் தறிக்குழியில் கால் தொங்கவிடும் சாதி நாங்கள், அரை மணியில் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. வழி மறக்கக்கூடாது என்று, தறியில் அறுந்துபோன அரக்குப் பட்டு இழைகளை ஒரு பிடி கொண்டுபோயிருந்தேன். பச்சையில் அரக்கு பளிச்சென்று தெரியும். பத்திருபது அடிக்கு ஒரு செடியில் முடிந்துகொண்டே நான் முன்னால் போனேன். மாப்பிள்ளை வாய் திறக்காமல் பின்னால் வந்தார்.

குகை சின்னது. லிங்கம் இருந்தது, எண்ணெய் காணாத லிங்கம். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது ஐந்து மணி. இறங்கப் பார்த்தால் முதல் செடியில் இழையைக் காணோம். அடுத்ததிலும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே முள். நான் செடி செடியாகத் தேடுவதைப் பார்த்த மாப்பிள்ளை, மெதுவாக இடுப்பு மடியை அவிழ்த்தார். அத்தனை இழையும் அங்கே இருந்தது. முடிச்செல்லாம் பிரித்து, நீவி, நூல்கண்டு போலச் சின்னச் சிட்டமாகச் சுற்றி வைத்திருந்தார்.

"இத்த ஏன் மாப்பிளே அவுத்தீங்க?"

"பட்டாச்சே. முள்ளுல கட்டி வுட்டுட்டுப் போய்க்கினே இருக்கீங்க. மனசு கேக்கல."

ஒரு வருஷத்தில் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

"வழிக்கு அடையாளம் அது."

"நீங்க சொல்லலியே."

"நீங்க மூஞ்சி குடுத்துப் பேசுனாத்தான சொல்றதுக்கு."

கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்தச் சிட்டத்தின் ஒழுங்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். என் அப்பாவும் இதையேதான் செய்திருப்பார். மாப்பிள்ளையும் சிரித்தார். அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான், பந்தி விஷயத்த எங்க மாமனே மறந்துட்டாரு. எங்கம்மா என் தம்பிய பெத்துக்கத் தாய்வூட்டுக்குப் போச்சு. திரும்பி வரல. வழியனுப்பி வெச்சது ஞாபகம் இருக்குது. மல்லிகாவ பஸ் ஏத்தி வுட என்னால ஆவாது. இத்தப் போயி யார்கிட்ட சொல்றது?"

ஒரு வருஷமாக நாங்கள் திமிர் என்று நினைத்தது பயம். அவரை எவ்வளவு ஏசியிருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

"நீங்களும் கூட வாங்க மாப்பிளே. எங்க வூட்ல ஒரு தறி சும்மாதான் கெடக்குது" என்றேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

வழி தேடி முள்ளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தோம். இருட்டியதும் தூரத்தில் லாரி விளக்குகள் தெரிந்தன. சாலை அங்கேதான் என்று அந்தத் திக்கைப் பிடித்து, முள்ளில் கிழிபட்டு இறங்கினோம். ஆரணி வண்டி போய்விட்டிருந்தது. காஞ்சிக்குப் போன நெல் லாரியில் தொற்றிக்கொண்டோம். அன்றிரவு மாப்பிள்ளை எங்கள் வீட்டில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காட்டிலாகாவில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். சுனைத் தண்ணீரை நம்பாமல் கையில் கொண்டுபோங்கள். நான்கு மணிக்குமேல் மேலே இருக்காதீர்கள், அமாவாசையைத் தவிருங்கள். வழிக்கு அடையாளம் வைத்தால் பின்னால் வருகிறவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள், அவர் பேசாவிட்டாலும்.

அந்த வாரமே மல்லிகாவை அழைத்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை, ஊர் திரும்பவே இல்லை. தெருவில் வீட்டோடு மாப்பிள்ளை என்று கிண்டல் செய்தார்கள், காதிலேயே வாங்கவில்லை. தங்கைக்கு வலி கண்ட அன்று விடிந்ததிலிருந்து தறியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. தறிச்சத்தம் உள்ளே அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். மத்தியானம் குழந்தை அழுத பிறகுதான் அந்தச் சத்தம் நின்றது.