இடது கையை நீட்டியவன்

நான் தினமும் வேலைக்குப் போகும் ரயிலில் ஊரப்பாக்கத்தில் ஏறும் அந்த பி.காம். மாணவனின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கையிலுள்ள கால்குலேட்டரைப் பார்க்காமலே கட்டைவிரலால் தட்டிக்கொண்டு வருவான். தாம்பரம் வருமுன் காலேஜ் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வான். அங்கே ஏறும் வேறு காலேஜ் பையன்களுக்கும் இவன் காலேஜுக்கும் ஆகாது.

அன்று அட்டை வெளியே தொங்கியது. நான் எட்டாவதோடு நின்றவள், எதற்கெடுத்தாலும் பயம்.

"தம்பி, கார்டை உள்ள போடுப்பா" என்றேன்.

"இன்னிக்கு அக்கவுன்ட்ஸ் அரியர் எக்ஸாம்க்கா. இது பாஸானாதான் டிகிரி. எக்ஸாம் அன்னிக்குப் போய் யாருக்கா அடிப்பாங்க?" என்று சிரித்தான்.

தாம்பரத்தில் நாலைந்து பேர் ஏறினார்கள். ஒருவன் அட்டையைப் பிடித்திழுத்து அறைந்தான். "இன்னாடா, எங்க ஏரியாவுல கெத்தா தொங்கவுட்டுகினு வர்ற?" இன்னொருவன் முதுகிலிருந்து பட்டாக்கத்தியை உருவினான். பெட்டியே அலறி ஒதுங்கியது.

மாணவன் ஓடவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இடது கையை நீட்டினான்.

"வெட்றதுன்னா இத வெட்டுண்ணா. அந்தக் கை எக்ஸாம் எழுதணும்."

வெட்டிவிட்டார்கள்.

அடுத்த ஸ்டேஷனில் அவர்கள் குதித்து ஓடினார்கள். என் துப்பட்டாவால் கையைக் கட்டினேன், ரத்தம் நிற்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வாப்பா" என்று அழுதேன்.

"மணி என்னக்கா ஆச்சு?" என்று கேட்டான். சொன்னேன். காலேஜ் ஸ்டேஷன் வந்ததும் இறங்கி வேகமாக நடந்தான்.

அப்புறம் அவனைப் பார்க்கவில்லை. அந்த அக்கவுன்ட்ஸில் அப்படி என்னதான் இருக்கிறதென்று எனக்குப் புரியவுமில்லை. யாராவது கால்குலேட்டர் தட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், முதலில் அவர்களின் இடது கையைத்தான் பார்க்கிறேன்.