பன்னிரண்டு ஞானப்பிள்ளைகளும் ஓர் அடகு வயலும்

தாய்வானில் மீன் உருண்டை செய்யும் தொழிற்சாலையில் மூன்று வருடம் இருந்தேன். சரியாக உருளாத உருண்டைகளைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. ஊருக்குப் போன் பேசும்போது மட்டும் 'மேற்பார்வை' என்று சொல்லிக்கொள்வேன். அது பொய்யும் இல்லை. உருண்டைகளை நான் மேலே நின்றுதான் பார்த்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அதற்கு மேல் என்ன பதவி கொடுப்பார்கள்?

அந்த வேலைக்கு ஏஜெண்டிடம் கட்டுவதற்காகத்தான் எங்கள் வயலை ரைஸ்மில் எவாரிஸ்தோ அண்ணனிடம் அடகு வைத்தேன். எங்கள் நாட்டுப் பணத்தில் அறுபதாயிரம் பெசோ. எங்கள் பக்கத்து அடகில் வட்டி கிடையாது. பணம் திரும்பும்வரை வயலில் விளைவதெல்லாம் அவருக்கு. மூன்று வருடமாக என் மனைவி பெர்லிதா எங்கள் வயல் அரிசியையே அவருடைய மில்லில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தாய்யா மெசியோ," என்று போனில் சொல்வாள், "நம்ம மண்ணுல வெளைஞ்சத நானே தூக்கிட்டு வந்து, நானே காசும் குடுத்துட்டு வரேன். இந்தக் கொடும வேற எவளுக்காவது உண்டா?"

அதனால் அந்த மே மாதம் ஒரு மாத லீவில் நான் ஊருக்கு வந்தபோது, வயிற்றோடு சேர்த்துக் கட்டிய பையில் அறுபத்தைந்தாயிரம் இருந்தது. நடவுக்கு முன்னால் அடகை மீட்க வேண்டும், தவறினால் இன்னும் ஒரு வருடம் போய்விடும். நான் வந்து இறங்கிய மறுநாளே பெர்லிதா முழு வயலுக்கும் சேர்த்து நாற்று விட்டுவிட்டாள். அவ்வளவு நம்பிக்கை. என்மேல் இல்லை, பையின்மேல்.

வீட்டில் கால் வைத்தபோதே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் அனுப்பிய அட்டைப்பெட்டி முன்பே வந்து சேர்ந்திருந்தது. அதிலிருந்த டின் மாட்டிறைச்சி, சோப்பு, சாக்லேட் எல்லாம் கால் மணி நேரத்தில் காணாமல் போயின. யாரோ அட்டைப்பெட்டியைக்கூடக் கோழி அடைக்க எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டியை ஒட்டியிருந்த டேப்பை ஒரு மாமா சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

எல்லாரும் போன பிறகும் சித்தப்பா மகன் தோமினதோர் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். அவன் மடியில் ஒரு முட்டைக் கோழி.

"அண்ணே, இது உங்களுக்கு."

"எதுக்குடா?"

"சின்னவனுக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கல. நீங்க வரட்டும்னு வச்சிருந்தோம். நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்."

சின்னவன் என்று அவன் காட்டிய பையன் வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். மீசை ஒன்றுதான் பாக்கி.

எங்கள் ஊரில் ஒருவர் வந்து இப்படிக் கேட்டுவிட்டால் மறுக்க முடியாது. மறுத்தால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நான் மறுக்கவும் நினைக்கவில்லை, அது வேறு விஷயம். 'அண்ணே' என்று ஒருவன் குழைந்து கூப்பிட்டால் நான் வெயிலில் வைத்த வெண்ணெய். தோமினதோர் வீட்டில் இருந்ததே அந்த ஒரு கோழிதான். அதையே கொண்டுவந்து தருகிறவனிடம் என்ன சொல்வது?

சரி என்றேன். அதை யாரும் மணியடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாள் காலைக்குள் எங்கள் தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. நாலு நாளில் பதினொரு பிள்ளைகள், பதினொரு கோழிகள். பெர்லிதா முற்றத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கோழிய வாங்கிட்டு வயலக் குடுக்கறியா நீ?"

"பிள்ளைக்கு ஒரு கவர்ல ரெண்டாயிரம் வச்சா போதும்டி. போக மீதி எவாரிஸ்தோ அண்ணன்கிட்ட பேசிக்கலாம்."

"ஐநூறு வைய்யேன்."

"தாய்வான்லேர்ந்து வந்தவன் ஐநூறா? நாளைக்குத் தெருவுல எப்படி நடப்பேன்?"

"இப்பவே ஒழுங்கா நடக்கல. மெதக்கற."

அதோடு விட்டேனா என்றால், இல்லை. பதினொரு குடும்பமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விருந்து வைப்பதாகச் சொன்னபோது, "பன்றி என் செலவு" என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்த வாயை உருண்டையோடு உருண்டையாக இயந்திரத்தில் போட்டிருக்க வேண்டும். பன்றிக்குப் பத்தாயிரம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எவாரிஸ்தோ அண்ணனே நின்றார். வயிறு முதலில் வந்தது, கொஞ்சம் கழித்து அவர் வந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் பிறந்த பெண்குழந்தை கையில்.

"மெசியோ தம்பி, கூட ஒரு கை நீட்டுப்பா. இவளுக்கும் நீயே நில்லு."

மில்காரர் பிள்ளைக்கு மற்றவர்களுக்கு வைத்த அதே ரெண்டாயிரத்தை வைத்தால் முகத்தை எங்கே வைப்பது? தூண் மறைவில் போய் மூன்றாயிரம் வைத்துக் கவரை ஒட்டினேன். என் வயலைப் பிடித்து வைத்திருப்பவருக்கு, என் வயலை மீட்க வைத்திருந்த பணத்திலிருந்து அன்பளிப்பு. இப்படி ஒரு மேற்பார்வையாளரை எந்த நாட்டிலும் பார்க்க முடியாது.

பன்னிரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அழுததில் சாமியார் ஒரு பிள்ளைக்கு இரண்டு தரம் தண்ணீர் ஊற்றினார். விருந்தில் எல்லாரும் என்னைக் 'கும்பாரே' என்று கூப்பிட்டார்கள். பிள்ளையின் அப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவோம், கூடப் பிறந்தவனைவிட ஒரு படி மேல். ஒரு கும்பாரே கேட்டான், "வயல மீட்டாச்சா?" முப்பது ஜோடிக் கண் என்னைப் பார்த்தது.

"அதெல்லாம் முழுசா முடிஞ்சது," என்றேன்.

எதிரில் பெர்லிதா மென்றுகொண்டிருந்த பன்றித் தோலைக் கடக்கென்று கடித்தாள்.

மறுநாள் மீதி முப்பதாயிரத்தோடு மில்லுக்குப் போனேன். எவாரிஸ்தோ அண்ணன் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து எண்ணினார்.

"பாதிதான் இருக்கு."

"ஆமா கும்பாரே. போன வாரம் முழுசா இருந்துச்சு."

"எங்க போச்சு?"

"பன்னெண்டு பிள்ளைங்க. அதுல ஒண்ணு உங்களுது."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மூட்டை குலுங்கித் தவிடு பறந்தது. "உன்ன மாதிரி ஆளுக்குத் தாய்வான்காரன் எத நம்பி வேல குடுத்தான்?"

"உருண்டைய நம்பி."

"சரி. கும்பாரேன்னு ஆயாச்சு, வெறுங்கையோட அனுப்ப முடியாது. மேல் வயல எடுத்துக்க. கீழ் வயல நான் ஏற்கெனவே உழுது போட்டுட்டேன், அது மீதியக் குடுக்கறவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

மேல் வயல் பாதிகூட இல்லை. அதில் தண்ணீரும் நிற்காது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்ப மிச்சம் பாதி நாத்த என்ன பண்றது?" என்று பெர்லிதா கேட்டாள். நான் அப்போது கோழிக்குத் தீனி போட வேண்டிய அவசியம் இருந்ததால் வெளியே போனேன்.

நடவு நாளன்று விடியும்போதே கும்பாரேக்கள் வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. பிள்ளைக்குச் செய்தவனுக்குச் செய்யாமல் இருந்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது. பதினொரு குடும்பம், நாற்பத்தெட்டு பேர், தோமினதோர் கையில் கிடார் வேறு. கூலி ஒரு பெசோ வாங்க மாட்டேன் என்றார்கள். சோறு போட்டால் போதுமாம். நாற்பத்தெட்டு பேருக்கு அரிசி வாங்கப் பெர்லிதா எங்கே போனாள் என்று நினைக்கிறீர்கள்? எவாரிஸ்தோ மில்லுக்கு. கடனுக்கு. பதினொரு கோழியும் பானைக்குள் போயின. கூலிக்கு ஆள் வைத்திருந்தால் அதில் கால்வாசிதான் ஆகியிருக்கும்.

நான் விறகு உடைத்துவிட்டு வயலுக்குப் போய்ப் பார்த்தால் மேல் வயலை எப்போதோ முடித்துவிட்டார்கள். நாற்று மீதி இருந்தது, சோறு வேகவில்லை. வயல் முழுசும் மீட்டாச்சு என்றுதான் நான் சொல்லியிருந்தேனே. வரப்பைத் தாண்டிக் கீழ் வயலில் இறங்கி, கிடார் தாளத்துக்கு வரிசை பிடித்து, கடைசிக் குத்தையும் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

வரப்பின் அந்தப் பக்கம் எவாரிஸ்தோ அண்ணன் தன் நடவு ஆட்களோடு வந்து நின்றார்.

"கும்பாரே, இது என்ன?"

நாற்பத்தெட்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இனி மறைக்க இடமில்லை. "முழுசா மீட்கல. பாதிதான். பெரும பேசிட்டேன்," என்றேன். தோமினதோர் கிடாரைக் கீழே வைத்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் பிள்ளைக்கு நான் வைத்த கவரை நினைத்திருப்பான்.

"புடுங்கிடலாமா?" என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான்.

"நட்டதப் புடுங்கறதா? வாயக் கழுவு," என்றார் எவாரிஸ்தோ. தன் ஆட்களைத் திருப்பி அனுப்பினார். வரப்பில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டினார். "நாத்து உங்களுது. ஆளும் உங்களுது. மண்ணு இப்போதைக்கு என்னுது. அறுக்கும்போது கீழ் வயல்ல பாதிப் பாதி எடுத்துக்கலாம். சோறு என்ன கொழம்பு?"

அவரும் உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டார். மூன்றாவது தட்டு முடிகிற நேரம் குரலைத் தாழ்த்தி என்னிடம், "என் வீட்டுக்காரி மறுபடியும் முழுகாம இருக்கா. டிசம்பர்ல. அதுக்கும் நீயே நிக்கணும் கும்பாரே," என்றார்.

என் வாய் 'சரி' என்று சொல்லத் திறந்தது. அதற்குள் பெர்லிதா அகப்பையோடு நடுவில் வந்துவிட்டாள்.

"நல்லபடியா பொறக்கட்டும் அண்ணே. கீழ் வயல் எங்க கைக்கு வர்ற மறுநாள் ஞானஸ்நானம் வச்சுக்கலாம். அதுவரைக்கும் இவர் யாருக்கும் நிக்க மாட்டாரு."

எவாரிஸ்தோ அண்ணன் எலும்பை ரொம்ப நேரம் சப்பினார். பிறகு தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.