அடிபட்டால் காட்டும் அலுமினியம்

மனுரேவா ரயில் நிலையத்தில் அன்று காலை கடும் பனிமூட்டம். தண்டவாளம்கூடத் தெரியாத வெண்மைக்குள் நின்றிருந்தபோது கைபேசி ஒலித்தது. பவானி அக்காவின் மகள். எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள், தமிழில் சொன்னாள்: "அங்கிள், அம்மா போயிட்டா. நித்திரையில." நான் ஏறவேண்டிய ரயில் வந்தது, மூட்டத்துக்குள்ளேயே கரைந்து போனது. இன்னமும் அங்கேயே நிற்பது போலத்தான் இருக்கிறது.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். விரி என்ற பக்கத்துப் புறநகரில் உள்ள எங்கள் தொழிற்சாலையின் சோதனைப் பொறியாளர். மான் வேட்டைக்காரர்களின் ரைபிளுக்கு அடிக்கூடு செய்கிறோம். விசையும் தோட்டாப்பெட்டியும் உட்காரும் கீழ்ப்பகுதி அது. அதை ஃப்ரீசரில் உறைய வைப்பதும், வெயிலில் காய வைப்பதும், உயரத்திலிருந்து போடுவதும் அவர் வேலை. திருச்சியிலிருந்து வந்த வடிவமைப்பாளன் நான், கூட்டைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்யலாம் என்னும் பாலிமர் கட்சி. அவர் அலுமினியக் கட்சி. தேநீர் வேளையெல்லாம் இந்தச் சண்டைதான்.

நான் சேர்ந்த வருடம் ஆயுத பூஜைக்கு, மேசையிலிருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். அடிக்கூட்டுக்கும் வைத்துவிட்டேன். அக்கா கைக்குட்டையால் அதை மட்டும் மெல்லத் துடைத்தார்.

"ஸ்பானருக்கு வையுங்கோ தம்பி. இதுக்கு வேண்டாம். இதுகளின்ர சத்தத்தில வளர்ந்தனான்."

"அப்புறம் ஏன்க்கா இந்த வேலை?"

"கைதவறி விழுந்தா ஆரையும் சுடக்கூடாதெண்டு பார்க்கிற வேலைதானே இது?" என்று எனக்குச் சுண்டல் அள்ளி வைத்தார்.

என் முதல் பாலிமர் கூடு ஃப்ரீசரிலிருந்து வந்து, தரையில் விழுந்து, பின்மூலையில் பிளந்தது. அதுவரை அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"அலுமினியமெண்டால் முதலே நெளிஞ்சு காட்டியிருக்கும்" என்றார்.

நான் சிரித்து வைத்தேன். "இந்தத் தடவை பாஸ் போட்டு விடுங்கக்கா."

"மாட்டன்." என் முகத்தையே பார்த்தார். "அடிபட்டால் காட்டுங்கோ தம்பி. உள்ளுக்க வைச்சிருந்தா இப்பிடித்தான் ஒருநாள் பட்டெண்டு போகும்."

அப்போதுதான் சொன்னேன். இந்தக் கூடு தேறாவிட்டால் என் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும், மனைவி நிறைமாதமாக இருக்கிறாள் என்று. கேட்டும் அவர் பாஸ் போடவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வேலை முடிந்தும் என்னோடு உட்கார்ந்தார். கூரான அந்த மூலையை இருவருமாக வளைத்தோம், சுவரைத் தடிப்பாக்கினோம். புதுக் கூடு விழுந்தது, நெளிந்தது, பழையபடி நிமிர்ந்தது.

"தப்பிட்டுது உங்கட பிள்ளை" என்று கைதட்டினார் அலுமினியக் கட்சிக்காரர்! நாங்கள் இந்த ஊரில் தங்கியது அப்படித்தான். என் மகள் இங்கேதான் பிறந்தாள்.

இறுதிச் சடங்குக்குப் பிறகு அக்காவின் மகள் ஒன்று சொன்னாள். இதயம் பலவீனமாகிவிட்டதென்று மருத்துவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். அக்கா அதைப் பற்றி வீட்டில்கூட மூச்சு விடவில்லை. எங்களோடும் சிரித்துச் சிரித்துத்தான் தேநீர் குடித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அவர் சமையலறை ஜன்னலில் பிளந்துபோன என் முதல் கூடு நின்றது. தோட்டாப்பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் மண் நிரப்பி, மணி பிளாண்ட் வைத்திருந்தார். பிளவின் வழியே ஓர் இலை வெளியே வந்து, பனிவெளிச்சத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கடைசிவரை அலுமினியத்துக்காக வாதாடினீர்கள் அக்கா. போனது மட்டும் பாலிமரைப் போல. எனக்குப் பலமாக அடிபட்டிருக்கிறது. நீங்கள் சொன்னபடியே, இதை எழுதிக் காட்டிவிட்டேன். போய் வாருங்கள்.