இடப்பக்கத்து ஊறுகாய்

ஏலவார்குழலியின் மெஸ்ஸுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்கும் சாயப்பட்டறைக்காரர்களுக்கும் இடம் தெரியும், அது போதும். பகலெல்லாம் பந்தி நடந்தாலும் அவளிடம் யாரும் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. "குழம்பு", "மோர்", "போதும்". புருஷன் போனபிறகு அவள் காதில் விழுந்த தமிழ் அநேகமாக இவ்வளவுதான்.

தர்மன் ஒருவன்தான் சண்டைக்கு வருவான். பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவன். முழங்கை வரைக்கும் அரக்கு நிறம். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அவள் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடிக்க போலீஸைக் கூப்பிடலாமா என்று கேட்பான். அவன் வராத நாளில் அவள் கரண்டியை ஓங்கி வைப்பாள். ஏன் என்று கேட்டால், கரண்டி கனம் என்பாள்.

எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசியில் ஒரு மத்தியானம், தலை வெடிக்கிறது என்று நெற்றியில் சுக்குப் பற்றோடு வந்து உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில் குரல் கொடுத்தான்.

"இன்னாம்மா, உப்பு இல்ல, ஊறுகா இல்ல. நான் இன்னா பத்தியத்துக்கா வந்தேன்?"

இரண்டும் இலையின் இடக்கோடியில், நுனிப்பக்கம், வழக்கம்போல இருந்தன. சோற்றிலும் வலப்பாதியைத்தான் தின்றிருந்தான். இடப்பாதி சுவர் எழுப்பினாற்போல நின்றது.

"கண்ண பட்டறையிலயே காயப்போட்டு வந்துட்டியா? அங்கதான்யா இருக்குது!"

"எங்க இருக்குது? புளுகாதம்மா."

பந்தி சிரித்தது. அவள் அதே இடத்தில் இன்னொரு துண்டு ஊறுகாயை வைத்தாள். "இப்பவும் இல்லியே" என்றான். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இலையைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினாள். நுனி வலப்பக்கம் வந்துவிட்டது. அப்படி இலை போடுவது இழவு வீட்டில்தான். பந்தியில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

தர்மன் மட்டும் கோபப்படவில்லை. "கேட்டப்பவே இப்பிடி வக்கிறதுக்கு இன்னா?" என்று ஊறுகாயைத் தொட்டு நக்கினான்.

விளையாட்டில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து பார்த்தாள். இடது வாயோரம் தொங்கியிருந்தது. ரசம் மோவாயில் ஒழுகியது. அவன் துடைக்கவில்லை.

"யோவ், ரெண்டு கையையும் தூக்குய்யா."

வலது கை மேலே போனது. இடது கை மடியில் ஈரத்துணிபோலக் கிடந்தது.

"இன்னொரு கை?"

"தூக்கிக்கினுதானே இருக்கிறேன்."

ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கண்ணில் விளக்கடித்தார், கழுத்தை வளைத்துப் பார்த்தார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார்.

"மூளையில வலது பக்கம் ரத்தக்குழாய் வெடிச்சிருக்கும்மா. அந்தப் பக்கத்து மூளைதான் இடது பக்கத்தைப் பார்த்துக்கும். கை கால் விழுந்தது மட்டுமில்லை. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாது. ரத்தம் இன்னும் பரவிச்சுன்னா உயிருக்கே சொல்ல முடியாது. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

யோசித்தாள். "சோறு போடறவ."

மறுநாள் மெஸ் திறக்கவில்லை. விடிந்ததிலிருந்து கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, துவண்டு கிடந்த அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவன் கண் விழித்து, வலப்பக்கம் நின்ற நர்ஸைப் பார்த்துக் குழறினான்.

"எனக்குன்னு யாரும் வரல பாத்தியாம்மா? அந்த மெஸ்காரி கூட எட்டிப் பாக்கல."

நர்ஸ் வாயைத் திறந்தாள். ஏலவார்குழலி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் கையைப் பதமாகப் போர்வைக்குள் வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் போய் நின்றாள்.

தர்மன் முகத்தின் ஒரு பாதி மலர்ந்தது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

"கடையில கூட்டம்யா" என்றாள்.