மடங்காத மேசை

அந்த வீட்டில் மடக்க முடியாத சாமான் என்று பார்த்தால் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும்தான். அவற்றையும் மடக்க வழி இருந்திருந்தால் கோட்டக்காவின் கணவர் விட்டுவைத்திருக்க மாட்டார். சாப்பாட்டு மேசை மடங்கும். நாற்காலிகள் மடங்கும். இஸ்திரிப் பலகை கதவுக்குப் பின்னால் மடங்கித் தொங்கும். கூடத்தில் ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில், சுவரோடு சுவராக மடங்கி, அலமாரி மாதிரி நின்றுகொண்டிருக்கும். மனிதருக்கு மரச்சாமான் கடையில் விற்பனை வேலை. மடக்குச் சாமான் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. சின்ன வீட்டில் எப்படி இடம் பண்ணுவது என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும், கேட்டவர் பாடு திண்டாட்டம்தான். சொந்தக்காரப் பிள்ளைகள் அவருக்கு மடக்கு மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கோட்டக்கா என்பதும் வைத்த பெயர்தான். கட்டட இன்ஜினியர் ஒருவரிடம் வீட்டு வரைபடம் போடுகிறவள் அவள். நாள் முழுக்கக் கோடு இழுக்கிற அக்கா என்பதால் அலுவலகத்தில் அப்படி அழைக்க ஆரம்பித்து, அது வீடுவரை வந்துவிட்டது. பலகையில் தாளை ஒட்டி, பேனாவும் ஸ்கேலுமாகக் குனிந்து வரைந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருக்க, இவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அதையும் கற்றுக்கொண்டாள். வீடு கட்டுகிறவர்களின் ஆசைகள் எல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும். மாப்பிள்ளை வந்தால் தங்க ஓர் அறை, பாட்டுக் கேட்க ஓர் அறை, துணி மடிக்க ஓர் இடம். நாய்க்குத் தனியாக ஓர் இடம் வேண்டும், அதற்கு ஜன்னலும் வேண்டும் என்று கேட்டவரும் உண்டு. சிரிக்காமல் வரைந்து கொடுத்தாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். சுவரோடும் தரையோடும் சேர்ந்து நிற்பதை முழுக்கோட்டில் வரைய வேண்டும். நகர்த்தக்கூடியது எதுவானாலும், சோபாவோ கட்டிலோ, புள்ளிக்கோடு. "புள்ளிக்கோட்டை நம்பி பிளக் பாயிண்ட் வைக்காதே. நாளைக்கே நகர்த்திடுவாங்க" என்று இன்ஜினியர் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு வரையச் சொன்னாலும் கோட்டக்கா இதில் தவறமாட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒருநாள் நின்றது. இன்ஜினியர் வாடகைக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, தன் வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்ப்பதென்று முடிவெடுத்துவிட்டார்.

"மாடியில எனக்கே இடம் பத்தலம்மா. நீ வீட்டுலயே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வச்சுக்கோ, வேலையை நான் அனுப்பிக்கிட்டே இருப்பேன். அதுவரைக்கும் என் பழைய லேப்டாப்பை எடுத்துட்டுப் போ" என்றார்.

இத்தனை வருஷம் உழைத்தாயிற்று, இனி வீட்டில் சும்மா இருந்துவிடலாமே என்று கோட்டக்காவுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். கோடு இழுக்கிற நேரத்தில் அவள் யாருக்கும் அம்மாவும் இல்லை, அண்ணியும் இல்லை. அவளும் ஒரு வீடும் மட்டும். அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்த பிறகுதான் சங்கதி புரிந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து ஆரம்பிப்பாள். மாடிப்படியைப் பாதி வரைந்திருக்கும்போது கணவர் தட்டோடு வந்து நிற்பார். கட்டிலுக்கு மாறுவாள். அங்கே விரிப்பில் மவுஸ் ஓடாது, குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். கல்லூரியிலிருந்து வரும் மகள், "அம்மா, ஒரே ஒரு மெயில் அனுப்பிட்டுத் தர்றேன்" என்று எடுத்துக்கொண்டு போவாள். அந்த ஒரே ஒரு மெயில் விளக்கு வைக்கிற நேரம்வரை போகும். இஸ்திரிப் பலகையை உயர்த்தி வைத்து நின்றுகொண்டே வரைந்து பார்த்தாள். அது நன்றாகத்தான் இருந்தது, யாருக்கோ சட்டை தேய்க்க வேண்டி வரும்வரை.

ஞாயிற்றுக்கிழமை கணவரின் தம்பி குடும்பத்தோடு வந்தார். அவர்கள் வந்தால் கூடம் காலியாக வேண்டும். கணவர் மளமளவென்று மேசையை மடக்கி, நாற்காலிகளை வட்டமாக விரித்து, லேப்டாப்பை மூடி, ஏதோ பரிசு கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தா. எங்க வேணா உக்காந்து பாத்துக்கோ. அதானே இதுல வசதி."

மறுநாள் காலைக்குள் ஒரு வரைபடத்தை அனுப்பியாக வேண்டும். படுக்கையறையில் தம்பியின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கோட்டக்கா வாஷிங் மெஷின் மூடிமேல் லேப்டாப்பை வைத்து, நின்றபடியே வேலையை முடித்தாள். நடுவில் மகள் துணியைப் போட்டு மெஷினை ஓடவிட்டாள். லேப்டாப்போடு சேர்ந்து கோட்டக்காவும் ஆடினாள். முடித்த கையோடு அனுப்பியும் விட்டாள்.

திங்கட்கிழமை இன்ஜினியர் போன் செய்தார். முதலில் சிரித்தார்.

"என்னம்மா, சமையல்கட்டுக்குக் கதவே இல்லையே! அந்த வீட்டம்மா என்கிட்ட கேக்குது, நான் ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சுப் போய்ச் சமைக்கணுமான்னு."

கோட்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் சீக்கிரமே நின்றுவிட்டது. "நீ இப்படிப் பண்றவ இல்லையே. வீட்டுல இருந்து முடியலன்னா சொல்லிடும்மா. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதே" என்றார்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அந்தக் கதவை உடனே வரைந்து அனுப்பினாள். அன்று சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"எனக்கு டெஸ்க்டாப்தான் வேணும்."

கணவர் ஒரு காலில் செருப்போடு நின்றார். "டெஸ்க்டாப்பா? உலகமே எல்லாத்தையும் சின்னதாக்கிட்டுப் போகுது. நீ என்னடான்னா பொட்டி, டிவி, ஒயருன்னு கல்யாணச் சீர் மாதிரி கொண்டுவந்து இறக்கணுங்கற!"

"ஆமாங்க."

"அம்மா, லேப்டாப்னா நான் காலேஜுக்கு எடுத்துட்டுப் போவேன், சாயங்காலம் நீ வச்சுக்கலாம். ஒண்ணு வாங்கினா ரெண்டு பேருக்கு ஆச்சு" என்றாள் மகள்.

"அதுக்குத்தான்டி வேண்டாங்கறேன்."

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கணவர் கரண்ட் போனால் என்ன செய்வாய் என்றார், சைட்டுக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவாய் என்றார், ஊருக்குப் போனால் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கோட்டக்கா எதையும் மறுக்கவில்லை, எதையும் காதில் வாங்கிக்கொள்ளவும் இல்லை. கடைசியில், கம்ப்யூட்டர் கடையில் கேட்போம், அவர்களே சொல்லட்டும் என்று இருவருமாகக் கிளம்பினார்கள்.

கடைக்காரர் நிதானமான ஆள். என்ன வேலை என்று கேட்டுக்கொண்டார். "டெஸ்க்டாப்னா அதே விலைக்கு வேகம் கூட, திரையும் பெருசு, கெட்டா கெட்டதை மட்டும் மாத்திக்கலாம். லேப்டாப்னா எங்கயும் தூக்கிட்டுப் போகலாம், கரண்ட் போனாலும் ஓடும். உங்க வேலையை ரெண்டுமே நல்லாச் செய்யும், மேடம். எதை வாங்கறதுன்னு மெஷினைப் பாத்து முடிவு பண்ண வேணாம். எங்க வச்சு வேலை பாக்கப் போறீங்க? அதைச் சொல்லுங்க."

"எங்க வேணாலும் வச்சுக்குவாங்க சார். அதுக்குத்தானே லேப்டாப்!" என்றார் கணவர்.

நாய்க்குக்கூட ஜன்னலோடு இடம் ஒதுக்கிக் கொடுத்தவளுக்கு, தன் வீட்டில் தான் உட்காரும் இடம் எது என்று தெரியவில்லை. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"இடத்தைப் பாத்துட்டு வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அளக்கிற டேப்பை எடுத்தாள். அத்தனை வருஷமாக அந்த வீட்டில் குடியிருக்கிறாள், ஒருநாளும் அதை அளந்ததில்லை. சுவர் சுவராக அளந்து, பழைய நாள் மாதிரி ஒரு தாளை விரித்து, பென்சிலால் வரைந்தாள். அலுவலக வழக்கம் அப்படியே கையில் வந்தது. சுவர்கள் முழுக்கோடு. குளியலறைக் குழாய்கள் முழுக்கோடு. அடுப்பு மேடை முழுக்கோடு. சாப்பாட்டு மேசை புள்ளிக்கோடு, நாற்காலிகள் புள்ளிக்கோடு. சுவரில் திருகி மாட்டிய ஜன்னலோரக் கட்டிலும், தினம் மடங்குகிற சாமான் என்பதால், புள்ளிக்கோடுதான். வரைந்து முடித்துத் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தபோது கூடத்தில் சுவரைத் தவிர ஒரு முழுக்கோடு இல்லை. படுக்கையறையிலும் இல்லை. அவள் நின்று வேலை செய்கிற இடங்களில் முழுக்கோட்டில் இருந்தது அடுப்பு மேடை ஒன்றுதான்.

பிறகு ரப்பரை எடுத்து ஜன்னலோரக் கட்டிலை அழித்தாள். அந்த இடத்தில், ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரு மேசை வரைந்தாள். முழுக்கோடு. பக்கத்துச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் குறித்தாள்.

கணவர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். மரச்சாமான் மனிதர், வரைபடம் புரியாமல் இல்லை.

"கட்டில் எங்க?"

"இல்ல."

"அது என் தம்பி படுக்கற கட்டில்."

"அவரு சாயங்காலமே வீட்டுக்குப் போயிடறாருங்க. போன மழைக்கு ஒரு தடவை படுத்தாரு, அதுவும் முதுகு வலிக்குதுன்னு எந்திரிச்சுக் கீழ படுத்துக்கிட்டாரு."

கணவர் தாளைத் திருப்பினார். அந்தக் கட்டில் அவர் முதல் முதலில் அந்த வீட்டுக்குக் கொண்டுவந்த சாமான். வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரு கையால் இறக்கிக் காட்டி, ஒரு கையால் ஏற்றிக் காட்டுவார். அது கோட்டக்காவுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"சரி, மேசையே போட்டுக்கோ. ஆனா கடையில ஒண்ணு வந்திருக்கு பாரு, வேலை முடிஞ்சதும் அப்படியே சுவத்தோட..."

"இல்லங்க."

"கேளேன் முழுசா..."

"நான் பாதி வீடு வரைஞ்சுட்டு எந்திரிச்சு மோருக்குப் போனாலும், திரும்பி வரும்போது அந்தப் பாதி வீடு அங்கயே இருக்கணும். யாரும் எடுக்கக் கூடாது, யாரும் மூடக் கூடாது. எனக்குன்னு மடங்காதது ஒண்ணு இந்த வீட்டுல வேணும். கேட்டுட்டேன். அவ்வளவுதான்."

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசிவிட்டு, மறுநாள் காலையில் திருப்புளியை எடுத்துக்கொண்டு கட்டிலின் அடியில் உட்கார்ந்துவிட்டாள். முதல் திருகே அசைய மாட்டேன் என்றது. முகம் சிவக்கத் திருகிக்கொண்டிருந்தாள். கடைக்குக் கிளம்பி நின்ற கணவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பொறுக்க முடியவில்லை.

"அப்படித் திருகினா மரை போயிடும். தள்ளு" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு திருகாக அவரே கழற்றினார். கட்டிலைக் கடை வண்டியில் ஏற்றும்போது மட்டும் அதன் கீலை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோட்டக்கா வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லவில்லை.

தச்சர் வந்து சுவரில் மேசைப் பலகை அடித்தார். எலக்ட்ரீஷியன், வரைபடத்தில் குறித்த இடத்தில் பிளக் வைத்தார். பெட்டி, திரை, கீபோர்டு, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பேட்டரிப் பெட்டி எல்லாம் வந்து இறங்கின. "ஃபிரிட்ஜுக்குத் தம்பி பொறந்திருக்கான்" என்றாள் மகள். இன்னும் கோபம் தீரவில்லை அவளுக்கு. முதல் வாரத்திலேயே கரண்ட் போனது. "பாத்தியா, பாத்தியா!" என்று கணவர் ஓடி வந்தார். பேட்டரிப் பெட்டி கத்திக்கொண்டிருக்கும்போதே கோட்டக்கா வரைந்ததைச் சேமித்து, அணைத்துவிட்டு, மோர் குடிக்கப் போனாள். கரண்ட் வந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாதி வீடு அங்கேயே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பம் வந்தது. கோட்டக்கா ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். கதவு வேண்டும் என்று கேட்ட அதே வீட்டுக்காரர்கள் இப்போது மாடிக்கும் வரைபடம் கேட்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் கணவர் வழக்கம்போல மளமளவென்று ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசை மடங்கும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் விரிந்தன. காலடி நெருங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றது. பலகை ஓரத்தில் ஒரு கை வந்து, பழக்க தோஷத்தில், அடிப்பக்கமாகக் கீலைத் தேடியது.

கோட்டக்கா மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"அண்ணே, அண்ணி கொஞ்சம் எந்திரிச்சா இங்க ஒரு நாற்காலி போடலாம்" என்றார் தம்பி.

கை பலகையைவிட்டு விலகியது.

"அது மடங்காதுடா. அவ வேலை பாக்குறா. நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு" என்றார் கணவர்.

கோட்டக்கா உடனே வரையவில்லை. திரையில் கோடுகள் கலங்கித் தெரிந்தன, கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு மாடிச் சமையலறைக்குக் கதவு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த அறையின் சுவரை இழுக்க ஆரம்பித்தாள்.