மூன்று சுண்டுவிரல்கள்

செங்கல்வராயனுக்குப் பாரிவாக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆவடி ராணுவ முகாமின் மருத்துவப் பிரிவில் கட்டுத்துணி துவைக்கப் போனவர், பார்த்துப் பார்த்தே கட்டுப் போடக் கற்றுக்கொண்டார். 1965இல் அம்பத்தூரில் தகரத்தை வெட்டி வளைத்து உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை வந்தது. அங்கே முதலுதவி அறையில் அவருக்குக் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் வேலை கிடைத்தது. அப்போது வயது நாற்பது. மனைவி அன்னம்மாளைத் தவிர அவருக்கு வேறு யாரும் இல்லை.

அறை என்றால் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, டிஞ்சர் பாட்டில், பஞ்சு, கட்டுத்துணி, ஒரு நோட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் மெஷின்கள். தகரத்தைக் கையால் உள்ளே தள்ளிக் காலால் மிதித்தால் மேலிருந்து இரும்புத் தலை இறங்கும். கையை எடுத்துவிட வேண்டும். மெஷின் பழசானால் ஒரு மிதிக்கு இரண்டு முறை இறங்கும். இரண்டாவது முறை எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

செங்கல்வராயன் நோட்டில் ஒவ்வொரு அடியையும் எழுதுவார். தேதி, பெயர், மெஷின், எந்த விரல். மாதக் கடைசியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று ஐந்து தலைப்புப் போட்டு, அடிக்கு ஒரு கோடாக இழுத்து, அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுப்பார். 1967இல் வருஷம் முழுக்க இருபது கோடுகள். 1970இல் அறுபது. ஆட்கள் அதே முன்னூற்றுச் சொச்சம்தான். வேகம்தான் கூடியிருந்தது. மெஷின்களும் தேய்ந்திருந்தன.

அந்த அறுபதைக் கூட்டிப் பார்த்த அன்று அவர் நோட்டை எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் கஜபதியிடம் போனார்.

"சார், மூணு வருஷத்துல மூணு மடங்கு ஆய்கீது சார். மெஷினுக்கு முன்னால கை பூராத மாதிரி ஒரு தடுப்பு கம்பி வெச்சா போதும்."

கஜபதி நோட்டைத் தொடவில்லை. மேசையிலிருந்த தட்டச்சுத் தாளைக் காட்டினார். "இது 67. இது 70. ரெண்டையும் படிச்சுப் பாரு. கட்டைவிரல் பத்து சதவீதம், இப்பவும் பத்து. நடுவிரல் முப்பது, இப்பவும் முப்பது. சுண்டுவிரல் அஞ்சு, இப்பவும் அஞ்சு. ஆள்காட்டி ரெண்டு கூடியிருக்கு, மோதிரவிரல் ரெண்டு குறைஞ்சிருக்கு. எங்கப்பா ஏறிச்சு?"

செங்கல்வராயன் தாளை இரண்டு முறை படித்தார். தாளில் இருந்தது பொய் இல்லை, அது அவருக்கே தெரிந்தது. ஆனால் அறுபது பேருக்குக் கட்டுப் போட்டது அவர் கை. வெளியே வந்து, அந்தத் தாளைத் தட்டச்சு செய்த பெண்ணின் மேசை முன்னால் நின்றார்.

அவள் பெயர் லோகநாயகி. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர். சேலத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். கணக்கில் பட்டம் வாங்கியவள், தட்டச்சு வேலைக்கு வந்திருந்தாள்.

"இன்னாம்மா இது? அறுபது பேரு எங்க பூட்டாங்க இதுல?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஒவ்வொரு விரலோட எண்ணிக்கையையும் மொத்தத்தால வகுத்தாத்தான் சதவீதம் வரும், அண்ணே. வகுத்ததும் எல்லாம் சேர்ந்து நூறு ஆயிடும். இருபது பேருக்கு அடிபட்டாலும் நூறு, இருநூறு பேருக்கு அடிபட்டாலும் நூறு. எந்த விரலுக்கு எவ்வளவு பங்குன்னு மட்டும்தான் அதுல தெரியும். எத்தனை பேர்னு தெரியாது."

"அப்ப மொத்தத்தையும் எழுதுறதுதான?"

"எழுதினேன். மேலாளர் சிவப்புப் பென்சில்ல அடிச்சுக் கொடுத்தாரு."

அன்று மாலை வீட்டில் அன்னம்மாளிடம் சொன்னார்: "நான் எழுதுனத வகுத்துத் தொலைச்சிட்டானுங்கோ."

1971இல் கோடுகள் எண்பதாயின. 1972 ஜனவரியில் லோகநாயகி ஆண்டறிக்கையைத் தட்டச்சு செய்தாள். கட்டைவிரலிலிருந்து வரிசையாகச் சதவீதம் பத்து, நாற்பது, முப்பது, பதினைந்து, ஐந்து. கஜபதி கையெழுத்துப் போட்டார். கார்பன் நகல் ஒன்றை அவள் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் செங்கல்வராயன் கேட்டபோது, தெரியவில்லை என்றுதான் சொன்னாள்.

பத்து நாள் கழித்து, பகல் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், உத்தமன் என்ற இருபத்தாறு வயது ஆளின் இரண்டு கைகளும் பெரிய பிரஸ்ஸில் சிக்கின. சிக்கிய தகரத்தை எடுக்கக் குனிந்திருக்கிறான். இரும்புத் தலை இரண்டாம் முறை இறங்கியது. ஆம்புலன்ஸ் வரவில்லை. சரக்கு லாரியில் ஏற்றினார்கள். செங்கல்வராயன் அவன் தோளுக்குக் கீழே துணியை முறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாத்தே, கை கீதா?" என்று உத்தமன் கேட்டான்.

"கீதுடா. கண்ண மூடாத."

பட்டணத்து ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் அவன் போய்விட்டான். அவன் மனைவி பார்வதம் வந்து சேர்ந்தபோது செங்கல்வராயனின் சட்டை முழங்கை வரை ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. அவள் அழவில்லை. "இன்னா சொன்னாரு கடைசியா?" என்றாள். அவர் உள்ளதைச் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம் என்று வெகுநாள் வருத்தப்பட்டார்.

மறுநாள் காலையில் பியூன் எத்திராஜ் வந்து, மேலாளர் கேட்கிறார் என்று நோட்டை வாங்கிப்போனான். அது திரும்பி வரவில்லை.

சாவு ஆனதால் விசாரணை வந்தது. விசாரணை அதிகாரி முன்னால் நிர்வாகம் 1971க்கான நோட்டு ஒன்றை வைத்தது. அதில் இருபது அடிகள். கட்டைவிரல் இரண்டு, ஆள்காட்டி எட்டு, நடுவிரல் ஆறு, மோதிரவிரல் மூன்று, சுண்டுவிரல் ஒன்று. அறிக்கையின் சதவீதத்தோடு அது அச்சாகப் பொருந்தியது. எழுத்து அவருடையது இல்லை என்று செங்கல்வராயன் சொன்னார். முதலுதவி அறைக்கு இரண்டு பேர் பொறுப்பு, இது மற்றவர் எழுதியது என்று நிர்வாகத்தார் சொன்னார்கள். அடுத்த விசாரணை மார்ச் மாதம் என்று தள்ளிவைத்தார்கள்.

அந்த வாரமே லோகநாயகி பாரிவாக்கத்துக்கு அவர் வீடு தேடி வந்தாள். கார்பன் நகலைத் தரையில் விரித்தாள்.

"அண்ணே, சதவீதத்திலிருந்து மொத்தத்தை எடுக்க முடியாது. ஆனா ஒரே ஒரு விரலுக்கு நிஜ எண்ணிக்கை கிடைச்சாப் போதும், மொத்தமும் வந்துடும். சுண்டுவிரல் அஞ்சு சதவீதம்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. மொத்தம் இருபதுன்னா சுண்டுவிரல் போனவன் ஒருத்தன்தான் இருக்கணும். எத்தனை பேர்னு ஞாபகம் இருக்கா?"

"நாலு பேரு. மூஞ்சி மூஞ்சியா ஞாபகம் கீது."

"நாலுன்னா எண்பது. அஞ்சுங்கறது முழு எண்ணா ஆக்கி எழுதினது, அதனால நிஜத்துல நாலரையிலேருந்து அஞ்சரைக்குள்ள இருக்கும். ஆனா எழுபத்துமூணுக்குக் குறையாது."

எண்பது பேரை அவரால் தேடியிருக்க முடியாது. நாலு பேரைத் தேடலாம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தார். ஒருவன் கோவில்பதாகையில் டீ விற்றுக்கொண்டிருந்தான். ஒருவன் பட்டாபிராமில் செங்கல் சூளையில் இருந்தான். இன்னொருவன் திருமழிசையில், வேலையில்லாமல் மாமனார் வீட்டில். மூன்று பேரிடமும் தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. வருவதாகச் சொன்னார்கள்.

நாலாவது ஆள் வேம்புலி. அவன் இன்னும் அதே தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். பூந்தமல்லியில் அவன் வீட்டு வாசலில் நின்றபடியே பேச வேண்டியிருந்தது.

"கைய காட்னா போதும் வேம்புலி. நீ ஒண்ணியும் பேச வாணாம்."

"கைய காட்னா நாளைக்கு கேட்ல உடுவானா? ரெண்டு பொண்ணு கீது எனக்கு."

"உத்தமனுக்கும் ஊடு இருந்துச்சு."

வேம்புலி இடது கையை லுங்கி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டான். "நீ போ அண்ணாத்தே. எனக்கு ஒண்ணும் ஆவல. நான் உன் ரூம்புக்கே வர்ல."

விசாரணை நாளில் மூன்று பேர் மேசை மேல் கையை வைத்தார்கள். கஜபதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிர்வாகத்தின் நோட்டில் சுண்டுவிரலுக்கு இருந்த ஒரே பெயர் சூளைக்காரனுடையது. மற்ற இருவர் அதில் இல்லவே இல்லை. லோகநாயகி நகலைக் கொடுத்து, கணக்கைச் சொன்னாள்.

"சரியா எத்தனைம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"சரியாச் சொல்ல முடியாதுங்க. மூணு பேர் நிச்சயம். மூணு பேர் சேர்ந்து அஞ்சரை சதவீதத்துக்குள்ள அடங்கணும்னா மொத்தம் ஐம்பத்தஞ்சுக்குக் குறைய வழியே இல்லை. இருபது பொய்."

"எண்பது சார்," என்று செங்கல்வராயன் எழுந்து நின்றார். "நாலாவது ஆளு கீறான் சார்."

"எங்கே?"

அவர் மறுபடி உட்கார்ந்தார். வேம்புலியின் பெயரைச் சொல்லவில்லை. அதிகாரி "ஐம்பத்தைந்துக்குக் குறையாமல்" என்று எழுதினார். மிச்சம் இருபத்தைந்து பேர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

தடுப்புக் கம்பி போடச் சொல்லி உத்தரவானது. போட்டார்கள். ஆனால் கம்பி இருந்தால் மணிக்குச் செய்யும் எண்ணிக்கை குறைகிறது என்று, ஒரு வருஷத்துக்குள் பாதி மெஷின்களில் கழற்றிவிட்டார்கள். செங்கல்வராயனுக்கு வேலை போனது. லோகநாயகிக்கு அதற்கு முன்பே போய்விட்டது. அப்பா அவளைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார். ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருவதாக எழுதியிருந்தாள். பார்வதத்துக்கு அதே தொழிற்சாலையில் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். மெஷினுக்கு அடியில் சிதறிக் கிடக்கும் தகரத் துணுக்குகளை அவள்தான் கூட்டி அள்ளினாள்.

செங்கல்வராயன் பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் கட்டுப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். 1976 மழைக்காலத்தில் ஒருநாள், அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு அவர் உட்கார்ந்து வந்த பேருந்தில் வேம்புலி ஏறினான். இடம் இல்லை. அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்து நின்றான். இரண்டு நிறுத்தம் போன பிறகு, குனிந்து சொன்னான்.

"பெரிய பொண்ணுக்கு கண்ணாலம் ஆச்சு அண்ணாத்தே."

"சரி."

"அன்னிக்கு நான் கைய காட்டியிருந்தா..."

வெளியே மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. செங்கல்வராயன் ஜன்னல் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தார். வேம்புலி கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டான்.